முப்பது தடவை

கல்முனை பார்ட்ஸ் கடையில்
நுஸ்கி மூன்று பெட்டியைத் திறந்து காட்டினான்.
ஒன்று மலிவு; நகத்தால் சுரண்ட உதிர்ந்தது.
ஒன்று செரமிக்: "சத்தமே வராது காக்கா,
ரிம்மில தூசும் பிடியாது,
கலியாண வீட்டுக்கே கொண்டு போகலாம்."
நான் கலியாண வீட்டுக்கு ஓடுவதில்லை.
மூன்றரை தொன் வெட்டு மெசினை
சம்மாந்துறையிலிருந்து மஹியங்கனைக்கு இழுக்கிறேன்.

மூன்றாவதில் இரும்புத் தூள் மின்னியது.
"இது சில நேரம் கத்தும். டிஸ்க்கையும் தின்னும்."
கத்தட்டும்.
போன மாதம் மகாஓயா இறக்கத்தில்
ஒன்றுமே கத்தவில்லை.
பெடல் ஊறின பாண் போலக் கீழே போனது.
கரிந்த வாடை கெபினுக்குள் ஏறியது.
இழுத்து வந்த மெசின்
என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது.
வளைவில் ஒரு சைக்கிள்; கரியரில் பிள்ளை,
வெள்ளைச் சீருடை, திரும்பிப் பார்த்தது.
கியரை உடைத்து இறக்கி, மண் ஓரத்தில் ஏற்றி
நிறுத்தினேன்.
நிறுத்தினேன் என்பது பொய்.
நின்றது.

லீசிங்குக்கு வைத்த இரண்டு மாதக் காசில்
பேட், பின் லைனர், புது ஒயில்,
ட்ரெயிலருக்கும் தனி பிரேக்,
கெபினில் அதற்கொரு சுவிட்ச்.
லீசிங் பெடியன் கோல் எடுத்தான்.
"நிக்கிறதுக்குச் செலவழிச்சிட்டன் தம்பி" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.

புதுப் பேட் உடனே பிடிக்காது,
டிஸ்க்கோடு பழக வேண்டும்.
ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு, சுபஹுக்குப் பிறகு
வளத்தாப்பிட்டி நேர் ரோட்டில்
அறுபதுக்கு ஏற்றி, பத்துக்கு இறக்கி,
நிற்காமல், திரும்ப அறுபது.
முப்பது தடவை. இடையிடையே காற்றில் ஆறவிட்டு.
வயலுக்குப் போன மோட்டார் சைக்கிள்காரர்
குறுக்கே யாரென்று எட்டிப் பார்த்தார்.
யாருமில்லை. கொக்குகூட இல்லை.

கிளீனர் ஸப்றாஸ் டேஷ்போர்டில்
சோக்கால் கோடு கிழித்து வந்தான்.
பதினெட்டா, பத்தொன்பதா?
"ரக்அத் மாதிரித்தான் காக்கா,
சந்தேகமெண்டா குறைஞ்சது"
என்று ஒரு கோட்டை அழித்தான்.
இருபத்திரண்டில் வாடை வந்தது.
இருபத்தாறில் போனது.
பெடல் காலுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது.

வியாழன் மெசினை ஏற்றினோம்.
மகாஓயா இறக்கம். அதே வளைவு.
வெறும் ரோட்டு.
சுவிட்சைத் தொட்டேன்;
பின்னால் மெசின் தன் எடையைத் தானே பிடித்துக்கொண்டது.
சைக்கிள் போகும் வேகத்துக்கு வந்தேன்.
பேட் கத்தியது, பல் கூசும்படி.
ஸப்றாஸ் காதைப் பொத்தவில்லை.