முப்பது கால்சுற்று

நடுநிசியில் வெடித்தது.
தீபாவளிக்கு இன்னும் நான்கு மாதம்.
டார்ச்சோடு போய்ப் பார்த்தால்
கராஜ் கதவுக்கு மேலே
இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று
இரு விரற்கடை இடைவெளி விட்டுப் பிரிந்திருந்தது.
கதவு எழவில்லை. உள்ளே மைவி.

மூன்று நாளாக நாங்கள் பேசுவதில்லை.
எட்டாயிரம் ரிங்கிட். அவர் தம்பி.
எனக்குத் தெரிந்தது வங்கியின் குறுஞ்செய்தியில்.

ஜெலுத்தோங் ஹார்ட்வேர் கடையில்
எத்தனை வேண்டும் என்றார் ஆ ஹின்.
ஒன்றுதான் போச்சு என்றார் சற்குணன்.
ரெண்டுக்கும் ஒரே வயசு பாஸ்,
மற்றது அடுத்த மாசம் போகும்.
இடச்சுருள் ஒன்று, வலச்சுருள் ஒன்று,
பதினெட்டு அங்குல இரும்புக் கம்பி இரண்டு.
ஸ்குரூடிரைவரை விட்டுத் திருப்பிய ஒருவனுக்கு
எந்தெந்தப் பல் போனது என்று
தன் வாயிலேயே தொட்டுக் காட்டினார்.

ஞாயிறு. கெலுகோரில் மழை விட்டிருந்தது.
மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன்.
கதவு எகிறாதபடி
தண்டவாளத்தில் கிளாம்ப் இறுக்கினேன்.
உடையாத ஸ்பிரிங்தான் ஆபத்து.
உடைந்தது உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டது,
இது இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது.
யாரும் என்னைப் பார்க்க வேண்டாம்,
ஸ்பிரிங்கைத்தான் சொல்கிறேன்.

ஏணியை நேரெதிரே வைக்காமல் ஓரமாக வைத்தார்.
கண்ணுக்குக் கண்ணாடி.
ஒரு கம்பி உள்ளே போனபிறகே
மறு கம்பி வெளியே வரலாம்.
பழையதை அப்படித்தான் தளர்த்தினார்,
கால் சுற்று, கால் சுற்று,
எண்ண வேண்டாத வேலை.

புதியதுக்கு எண்ண வேண்டும்.
எங்கள் ஏழடிக் கதவுக்கு முப்பது கால்சுற்று.
பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பவரால் எண்ண முடியாது.
ஏணியைப் பிடித்திருப்பவள் எண்ண வேண்டும்.
வாய்விட்டு.

ஒன்று.

மூன்று நாளுக்குப் பிறகு என் முதல் சொல்.

ஏழில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது.
பதினைந்தில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது.
இருபத்திரண்டில் ஒரு மோட்டார் சைக்கிள்,
சைலன்சர் இல்லாமல்.
"இருபத்து மூணு," என்றார்.
"ரெண்டு."
"மூணு."
கம்பியைக் கதவில் சாய்த்து நிறுத்தினார்.
கையை மட்டும் எடுக்கவில்லை.

முறுக்குமுன் ஸ்பிரிங் நெடுக
நான் ஒரு சாக்குக் கோடு இழுத்திருந்தேன்.
சுற்றச் சுற்ற அது வளைந்து
முழுச் சுற்றுக்கு ஒரு வரியாகப் படிந்திருந்தது.
டார்ச் அடித்தேன்.
ஐந்து வரி, பிறகு ஒரு பாதி.
"ரெண்டுதான்," என்றார், நான் சொல்லுமுன்.

இப்படி ஒரு கோட்டை
வங்கிக் கணக்கின் மேலும் இழுத்திருக்கலாம்.

முப்பது.
திருகு இரண்டையும் இறுக்கிய பிறகே கம்பியை உருவினார்.
இறங்கி, தண்ணீர் குடித்து,
தம்பி பேரைச் சொல்ல வாயெடுத்தார்.
அப்புறம், என்றேன்.
இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது.
ஏணியை நகர்த்தினோம்,
ஆளுக்கொரு முனை.

ஒன்று.