மேற்குச் சுவர்

ஜிப்சம் பலகையைப் பெயர்த்ததும்
சுவர் ஒருமுறை இருமியது.

உள்ளே கண்ணாடிப் பஞ்சு
நனைந்து, கறுத்து,
இடுப்பளவுக்குச் சரிந்து உட்கார்ந்திருக்கிறது.
அதற்கு மேலே வெறும் சூடு.
ஏழு கோடை
அந்தச் சூட்டுக்குத்தான் ஏசி ஓடியிருக்கிறது.

"போட்டது நானுங்க" என்கிறார் செங்கோடன்,
மூக்கில் கட்டிய துண்டை இறக்காமல்.
"அன்னிக்குப் பல்லடத்துல மழை.
ஈரம் காயறதுக்குள்ள மூடச் சொன்னீங்க."

சொன்னேன்தான்.
புதுமனைப் பத்திரிகை அடித்தாகிவிட்டது அப்போது.

பதினோரு சாக்கு.
ஒன்பதாவதில் எலிக்கூடு:
பனியன் வேஸ்ட் மெத்தை,
கழுத்து லேபிளைக்கூடப் பிரிக்கவில்லை. எக்ஸ்எல்.

முழங்கையெல்லாம் அரிப்பு.
வெற்றுச் செங்கல்லில் உள்ளங்கை வைக்கிறேன்.
மேற்கு வெயில் அடிக்கிற சுவர்,
இன்னும் சில்லென்று ஒட்டுகிறது.

"எப்பங்க மறுபடி மூடறது?"

காயட்டும் என்கிறேன்.
அவர் தேதி கேட்கிறார்.
செங்கல்லைக் காட்டுகிறேன்.