உறையில் யார் பெயர்

பெல்ஃபாஸ்டுக்கு வெளியே ஒரு கொட்டகை.
ஆள் தெரியாத கடிதமெல்லாம் கடைசியில் அங்கேதான் வரும்.
பத்தொன்பது வருடம் பிரித்தேன்.
அனுமதி உண்டு, அளவோடு:
யாருடையது என்று தெரியும்வரை படிக்கலாம்.
தெரிந்ததும் கண்ணை எடுத்துவிட வேண்டும்.

அந்தத் தொகையை அவனிடம் கொடுக்காதே.
எந்தத் தொகை, எவன், தெரியாது.
நீ கேட்டதற்கு என் பதில், இல்லை.
என்ன கேட்டாள், தெரியாது.
தொலைபேசியில் பேசுகிறவனின் முதுகைப்
பார்த்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு பிழைப்பு.

ஒருமுறை, புதிதாய் வந்த ஷெல்டன்
'உடனே புறப்பட்டு வா' என்று ஒன்றில் படித்துவிட்டுக்
கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தான்.
விளையாட்டுக்குத்தான். நாள் முழுக்கச் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் சபை பாலிமீனா போகும் வழியில்,
மதுவிலக்குச் சங்கம் கட்டிய கூடத்தில்.
திருவிருந்துக்கும் புளிக்காத சாறுதான்.
போதகர் மக்இல்வீன் நல்லவர்,
பனியில் என் அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.
வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று
நிருபத்தில் வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றுவார்:
"இது ஓர் இளைஞனின் வயிற்றுக்கு எழுதியது.
அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. நமக்கல்ல."
சரி. உறையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்.

அதே நிருபம், இரண்டு பக்கம் முன்னால்,
பெண் அமைதியாய் இருக்கட்டும் என்ற இடத்தில்
கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.
அங்கே ஊரில்லை, தண்ணீரில்லை, வயிறில்லை.
"இது எல்லாருக்கும். என்றைக்கும்."
கணக்கு வாசிக்க எழுந்திருந்த மர்ட்டில்
காகிதத்தை மடித்து மடித்துத்
தீப்பெட்டி அளவாக்கி உட்கார்ந்தாள்.
கூரை நிதியில் நானூறு பவுண்டு உதைப்பது
அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாசலில் கை குலுக்கும்போது கேட்டேன்:
"உறையில் யார் பெயர், ஐயா?"
"எந்த உறை?"
"இரண்டும் ஒரே உறைதானே, எபேசுவில் இருந்த ஒருவனுக்கு.
வயிற்றை அவனுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.
வாயை மட்டும் ஏன் வைத்துக்கொண்டோம்?"
"வெயில் வரும்போல, வில்மா," என்றார்.
தூறல் விடவே இல்லை.

இன்னொரு கடிதத்தில் அதே கை
குளிர் வருமுன் என் மேலங்கியைக் கொண்டுவா என்கிறது.
இத்தனை நூற்றாண்டாய் வாசிக்கிறோம்,
அங்கியைத் தேடி ஒருவரும் கப்பல் ஏறவில்லை.
ஆனாலும் அந்த வரியில்தான் எனக்கு அவன் தோள் தெரிகிறது.
கல்தரை, ஈரம், வருவான் வருவான் என்று வாசலைப் பார்ப்பது.
எனக்கு எழுதவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

இதெல்லாம் பேச எனக்கு யோக்கியதை குறைவு.
நெவில் மோட்டார் சைக்கிளில் போன வருடம்
யாரோ ஓர் அட்டை தந்தார்கள்.
சூரியோதயப் படம். அதன்மேல்,
உன் எதிர்காலத்தை நல்லபடி நினைத்துவைத்திருக்கிறேன் என்று கடவுள்.
ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். விலாசம் பார்க்கவில்லை,
பத்தொன்பது வருடம் விலாசம் தேடியவள்.

ஆறாம் வருடம் பார்த்தேன்.
பாபிலோனுக்குப் போன கடிதம்.
சிறைபிடித்து நடத்திக் கொண்டுபோனவர்களுக்கு.
வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்,
அங்கேயே பெண் எடுங்கள், பெண் கொடுங்கள்.
திரும்புவீர்கள், எழுபது வருடம் கழித்து.
அதாவது, வாசிக்கக் கேட்டு நின்றவர்களில்
நரைத்த தலை ஒன்றும் திரும்பப் போவதில்லை.
தெரிந்தேதான் எழுதியிருக்கிறது.
அட்டை அடித்தவர்கள் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள்.

காந்தத்தை எடுத்தேன். பின்பக்கம்
பேனாவால் சேரவேண்டிய இடம் எழுதினேன்:
பாபிலோன், கால்வாய்க் கரை,
வெங்காயம் நட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு.
மறுபடி அதே இடத்தில் ஒட்டினேன்.

விதிப்படி இனி நான் கண்ணை எடுக்க வேண்டும்.
எடுக்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறேன்.
அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.
காகிதத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறாள்.