பொறுப்பு என்ற நிரல்

கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
பிரதேச செயலகத்தின் மேல்மாடி,
ஜன்னலுக்கு அப்பால் உள்துறைமுகம்,
மாரி இறங்கிய கார்த்திகை.
பதினேழு கதிரை, பதினொரு பேர்.
தாளில் நான்கு நிரல்:
விடயம், தீர்மானம், திகதி, பொறுப்பு.
முதல் மூன்றும் நிறைந்துவிடும்.
நாலாவதில் எப்போதும்
அன்று வராத திணைக்களத்தின் பெயர்.

சுகாதாரப் பரிசோதகர் ரிபாய்ஸ்
ஜாம் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார்.
உள்ளே குடம்பிகள்
தலைகீழாய்த் தொங்கின,
முடிய மறுக்கும் வாக்கியத்தின் காற்புள்ளிகள்.
"திருக்கடலூரில் முப்பத்தொரு காய்ச்சல்.
சிரட்டை கவிழ்த்தோம், கிணற்றில் மீன் விட்டோம்,
வள்ளங்களில் தேங்கினதையும் இறைச்சாச்சு.
இது அங்கே எடுத்ததல்ல."

எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
சார்ஜன்ட் ஜயசுந்தர
தொப்பியின் உட்புறத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் நிலையத்துக்குப் பின்னால்
வழக்குப் பொருள்கள்:
மணல் களவில் பிடிபட்ட டிப்பர்,
நசுங்கிய முச்சக்கரவண்டிகள்,
யாருடையதென்று தெரியாத ரயர்கள்.
ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டி இலக்கம்,
ஒவ்வொன்றிலும் ஒரு குளம்.
"நீதவான் சொல்லாமல் அசைக்கேலாது.
அடுத்த தவணை தை மாசம்."

நுளம்புக்குத் தவணை இல்லை.

மருத்துவமாது பாக்கியசீலி எழுந்தாள்.
"எட்டு மாதக் கர்ப்பிணிகள் ரெண்டு பேர்
வார்டில் இருக்கினம்."
சிங்களத்தில் மறுபடி சொல்ல வாயெடுத்தாள்.
சார்ஜன்ட் கை காட்டினார்:
விளங்கிவிட்டது.

அப்புறம் நீண்ட மௌனம்,
அதற்கு என் தாளில் நிரல் இல்லை.

இறங்குதுறை விளக்கு எரியவில்லை என்று
முறையிட வந்திருந்த தவநாயகம்,
மீனவர் சங்கச் செயலாளர்,
கடைசி வரிசையிலிருந்து கேட்டார்:
"அந்த வழக்குப் பட்டியலில்
தண்ணி எழுதியிருக்கோ?"

சட்ட உத்தியோகத்தர் தாளைப் புரட்டினார்.
டிப்பர் இருந்தது. ரயர் இருந்தது. கண்ணாடித் துண்டுகூட இருந்தது.
தண்ணீர் இல்லை.

அன்று பின்னேரமே
மண்ணெண்ணெய்க் குழாயோடு வந்தார்கள்.
முதல் ரயரில் வாய்வைத்து இழுத்துத் துப்பியவர்
சார்ஜன்ட்தான்.
பார்த்தேன், எழுதவில்லை.

ஆனால் வானம்?
இரவுக்குள் மறுபடி நிரப்பிவிடுமே.
ஹயாத்து, கலியாணக் கூடாரக்காரர்,
போன மருத்துவ முகாமின் பில்லைக் கேட்டு
மூன்றாவது தரம் வந்திருந்தவர், சொன்னார்:
"மாரியில எவன் கலியாணம் வைக்கிறான்?
சும்மாதானே கிடக்கு."

சிவப்பும் மஞ்சளும் குஞ்சம் தொங்க
களவு டிப்பருக்கு மேல் எழுந்தது பந்தல்.
வாடைக்கு அசையாத முடிச்சுகளைக்
கடற்காரர்கள் போட்டார்கள்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மழைக்கு ஒதுங்கி நின்றது,
மொய் எழுதாத விருந்தாளி.

ஆறு வாரத்தில் முப்பத்தொன்று ஒன்பதானது.
"மழையும் விட்டதுதானே,
நிச்சயமாய்ச் சொல்லேலாது" என்றார் ரிபாய்ஸ்.
கர்ப்பிணிகளில் ஒருத்தி பிள்ளையோடு வீடு போனாள்.
மற்றவளைப் பற்றி நான் கேட்டபோது
பாக்கியசீலி பதிவேட்டை மூடவுமில்லை,
பக்கத்தைப் புரட்டவுமில்லை.

நாலாவது நிரலில் எல்லாப் பெயரையும் எழுதினேன்.
இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.
சிவப்பு மையோடு திரும்பி வந்தது:
'ஒருவர் பெயர் மட்டும்.'

அடுத்த கூட்டம் பதின்மூன்றாம் திகதி.
விடயம் ஒன்று:
ஹயாத்துவின் பழைய பில், இன்னும் கட்டவில்லை.
பொறுப்பு:
பேனையை உதறிவிட்டு
என் பெயரை எழுதினேன்.