மூச்சுக் கணக்கு

சங்கத்தின் வரலாற்றை எழுதித் தா என்றார்கள்,
பொன்விழா மலருக்கு, இரண்டு பக்கம்.
நான் பொருளாளர். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்.

வரவு: காற்று உருளை இரண்டு.
டர்பன் துறைமுகத்தில் ஒரு கிரேக்க மாலுமியிடம்
பூபாலன் சீட்டாட்டத்தில் வென்றது.
வீட்டில் அவன் சொன்ன கதை வேறு.
செலவு: முகக்கண்ணாடி நான்கு. ஒன்றில் கீறல்.
குளம் ஏது மெரபேங்கில் அன்றைக்கு?
ஜேக்கப்ஸ் நூலாலையின் தீயணைப்புத் தொட்டி,
ஞாயிறு காலை, காவலாளிக்கு ஒரு பொட்டலம் பிரியாணி.
பாசித் தண்ணீரில் எட்டுப் பேர்
கழுத்தளவு பயத்தில் நின்றார்கள்.
எண்ணெய் ஆலையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம்.
"கீழேதான் நல்ல காற்று" என்று
சிரித்துக்கொண்டே முங்கினான் லிங்கம் படையாச்சி.

நாங்கள் வளர்ந்த வீடுகளில் ஒரே பாடம்:
மூச்சு விடாதே.
முதலாளி கேட்டால், போலீஸ் கேட்டால்,
யார் கூட்டத்துக்கு யார் போனார் என்று எவர் கேட்டாலும்
மூச்சு விடாதே.
தமிழ்ப் பள்ளியில் இரவல் வாங்கிய கரும்பலகையில்
முதல் வகுப்பன்று பூபாலன் எழுதினான்:
மூச்சை அடக்காதே. அடக்கினால் நுரையீரல் கிழியும்.
எழுதிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் எந்தப் பென்சிலும் அசையவில்லை.

உருளை கிடைக்காதவர்களுக்கு அடக்கும் பாடம்தான்.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து நான் எண்ணுவேன்.
லிங்கம் நூற்றுப் பத்து.
தையல்கடை சரோஜினி நூற்று நாற்பது.
அன்றிலிருந்து ஆண்களுக்கு என் கடிகாரம் பழுது.

ஒரு வாய்க்கவ்வியில் இருவர் மூச்செடுக்கப் பழகவேண்டும்.
இரண்டு இழுப்பு உனக்கு, இரண்டு இழுப்பு அவனுக்கு.
சொத்துத் தகராறில் பேச்சற்றுப்போன
நாயக்கர் வீட்டுப் பங்காளிகள் இருவரை
பூபாலன் வேண்டுமென்றே சோடி சேர்த்தான்.
மேலே வந்த பிறகும் அவர்கள் பேசவில்லை.
கீழே ஒரு முறையும் தவறவில்லை.

எழுபத்து நான்கு, மே மாதம், ஞாயிறு மதியம்
வாசலில் போலீஸ் வண்டி.
நான் பதிவேட்டை அரிசி டின்னுக்குள் போட்டேன்.
வந்த சார்ஜண்ட் தொப்பியைக் கழற்றினான்.
வெள்ளையர் கடற்கரையில், பாறை இடுக்கில்
ஒரு பையனைக் காணவில்லை. எட்டு வயது.
அவர்களுடைய முக்குளிப்பாளர்கள் சோட்வானாவில் விடுமுறையில்.
நம் கால் படக்கூடாத மணலுக்கு
நாம் ஏன் போகவேண்டும் என்றார்கள் மூன்று பேர்.
நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது.
பூபாலன் பதில் சொல்லவில்லை, காலணியைத் தேடினான்.
அனுமதிக் கடிதம் ஒன்று தந்தார்கள்:
ஐந்து பெயர்கள், மாலை ஆறு மணி வரை செல்லும்.

கலங்கல். கை நீட்டினால் கை தெரியாது.
கயிற்றைப் பிடித்து அடி அடியாகத் துழாவினார்கள்.
சரோஜினிதான் கண்டெடுத்தாள்.
தன் பிள்ளையைத் தூக்குவது போல, தலையைத் தாங்கி.

பையனின் அத்தையாக இருக்கவேண்டும், ஒரு அம்மா
தகரக் கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்தாள்.
குடித்தோம்.
குடித்த கோப்பையை என்ன செய்வது என்று தெரியவில்லை.
திருப்பித் தந்தால் அவள் அதை உடைப்பாளோ, கழுவுவாளோ,
எதைப் பார்க்கவும் எங்களுக்குத் தெம்பில்லை.
ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.
உப்போடு வண்டியேறினோம், கோப்பைகளோடு.

அடுத்த மாதம் பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது:
கலங்கல் நீரில் தேடுதல். இன்றும் இருக்கிறது.
இன்று மாநகராட்சிக் குளம், இருபத்தாறு பிள்ளைகள்,
காற்றடைக்கச் சொந்த எந்திரம்.
லமண்ட்வில்லிலிருந்து வரும் ந்தோகோசோ
நூற்று எழுபது வரை அடக்குகிறாள்.
போன வாரம் அலமாரியைத் துடைத்தவள் கேட்டாள்,
"இந்தத் தகரக் கோப்பைகள் எதற்கு?"
பழசு, என்றேன்.

ஐம்பது வருடக் கணக்கில் ஐந்து கோப்பைகள்
வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை.
யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.
இரண்டு பக்கம் தாண்டிவிட்டது, தெரியும்.
இடம் போதாவிட்டால் தலைவர்கள் பட்டியலை வெட்டுங்கள்.