மைனஸ் பதினான்கு

எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கருவி
முகம் பார்த்துப் பேசாது.
ராட்கா ஹொலூப்கோவா என்றது.
நான்தான்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஏப்ரல், செவ்வாய்க்கிழமை,
மாலை நாலே முக்கால்.

எழுதியிருந்தது இவ்வளவே:
தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டு,
எல்லைக்குள் வந்தால் விடு.
பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சரி என்று சொல்லும் கணக்கு.
கெர்னலின் வாசலில்
இத்தனை காலம் அதுதான் காவல்.

நேற்று இரவு ஒருவன் வந்திருக்கிறான்.
ஆள் இல்லை, நாங்களே ஏவிவிட்ட குருட்டு நிரல்;
கைக்கு அகப்பட்ட எண்ணையெல்லாம்
கதவில் எறிந்து பார்ப்பது அதன் பிழைப்பு.
எறிந்த முகவரி உச்சாணியில் இருந்தது,
எண்கள் தீர்ந்துபோகும் இடத்துக்குப்
பதினாறு படி கீழே.
நீளம் அறுபத்து நான்கு.
கூட்டினால் நாற்பத்தெட்டு.

சிரிக்காதீர்கள்.
போஹ்தானின் பழைய ஸ்கோடாவில் ஐந்து இலக்க மீட்டர்.
ஒலொமோட்ஸ் போகும் சாலையில் ஒருநாள்
ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாக உருண்டு
சைபரில் நின்றன.
வண்டி இன்றுதான் பிறந்தது என்று
அலுவலகத்துக்குக் கேக் வாங்கி வந்தான்.
அதே கதை.
நாற்பத்தெட்டு என்ற சின்னப் பிள்ளையைப் பார்த்து
என் காவல் குனிந்து, கன்னத்தைக் கிள்ளி,
உள்ளே போ என்றது.

மூன்று பதினேழுக்கு
ஆய்வகத்துப் பலகை ஒன்று வாயடைத்துப்போனது.

அன்று எனக்கு என்ன ஆயிற்று?
பழைய நாட்காட்டியில் தேடினேன்.
கடைவாய்ப்பல் பிடுங்கிய நாள்.
பஞ்சைக் கடித்தபடியே எழுதியிருக்கிறேன்.
பல்லைச் சாட்சிக்கு அழைக்கலாமா என்று
கொஞ்சம் யோசித்தேன்.
சரி, பல்லா கணக்குப் போட்டது?

கூட்டலை அழித்தேன்.
ஊற்றிவிட்டு வழிந்ததா என்று கேட்காதே,
குவளையில் மிச்சம் எவ்வளவு இடம் என்று
ஊற்றுமுன் பார்.
எல்லையிலிருந்து தொடக்கத்தைக் கழி.
மீதியில் நீளம் அடங்கினால் வா.

போஹ்தான் காபியோடு வந்து
தோளுக்கு மேலிருந்து படித்தான்.
"தொடக்கமே எல்லைக்கு அப்பால் இருந்தால்?"

கழித்தலும் உருளும்,
இந்த முறை கீழிருந்து மேலே:
இல்லாத இடம் கடலளவு இருப்பதாகச் சொல்லும்.
"அடப்பாவி" என்றேன், அவனையல்ல.
முதலில் அதைக் கேள், பிறகு கழி.
இன்னொரு வரி.

ஆக மாறியது இரண்டு வரி.
ஏன் மாறியது என்பதற்கு இருபத்தாறு வரி.
பல்லைப் பற்றி எழுதவில்லை.

இரவெல்லாம் குருட்டு நிரல் மறுபடி எறிந்தது.
அதே உச்சாணி, அதே அறுபத்து நான்கு,
பிறகு அறுபத்தைந்து, பிறகு ஒன்று, பிறகு
நினைத்தே பார்த்திராத நீளங்கள்.
ஒவ்வொன்றுக்கும் என் வாசல் சொன்னது
மைனஸ் பதினான்கு.
முகவரி தவறு என்று பொருள்.
திரை நிறைய அதுவே ஓடியது.
இல்லை என்ற சொல்லை இவ்வளவு நேரம்
ஆசையாக உட்கார்ந்து பார்த்தவள்
பிர்னோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விடியலில் ஒன்றாம் எண் டிராம்.
கண்ணாடியில் பனி, உள்ளே ஈரக் கோட்டு வாசம்.
நாக்கு, பழக்கத்தில்,
கடைவாயின் கடைசி இடத்துக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.
திரும்பி வந்தது.

ஒன்பது வருடமாகப்
போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது.