உட்காரும் இடத்துத் தையல்

ஆனைமலைக்கு மேற்கே டெம்போ நின்ற இடத்திலிருந்து
பள்ளத்தோடே முக்கால் மைல் நடந்தோம்.
சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு.
யூனிட் ரெண்டிலிருந்து பதினாலு பேர்,
ஒரு குண்டா புளிச்சோறு,
குளிக்கப்போவதே இல்லை என்று சொல்லிக்கொண்டே
எல்லோரும் எடுத்து வந்த மாற்றுத் துணி.

மழை நின்று நாலு நாள்.
சாய்ந்து படுத்திருந்தது பாறை,
முப்பதடி இருக்கலாம்.
அதன் முதுகுத்தண்டில் ஒரு குழிவு.
அதற்குள் அவசரமில்லாமல் இறங்கிய தண்ணீர்
கடைசி ஓராள் உயரத்தில் மட்டும்
ஏதோ ஞாபகம் வந்தாற்போல் குதித்தது.
கீழே கசம்.

பொள்ளாச்சிப் பையன்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்,
'தள்ளுடா மாப்ள' என்று,
கால் முன்னால், சிலவேளை தலை முன்னால்.
கசம் ஒவ்வொருவனாய் விழுங்கி
நாவல் கொட்டைபோல் துப்பியது.

நான் முகங்களைப் பார்க்கவில்லை.
பதினெட்டு வருஷம் செக்கிங் டேபிள்;
ஆளுக்கு முன் தையலைப் பார்க்கிற கண்.
மேலே ஏறிப்போகிற ஒவ்வொரு டவுசரிலும்
உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசகலம் ஓட்டை.
தையல் நிற்கிறது, துணிதான் போகிறது.
நீல டவுசர்க்காரனைக் கேட்டே விட்டேன்:
'ஏந்தம்பி, இதெங்க எடுத்தது?'
'சந்தைலங்க்கா. செகண்ட்ஸ். அறுவது ரூவா.'
இடுப்புப் பட்டையில் பாதி கிழித்த லேபிள்
எங்கள் கம்பெனியுடையது.
ஏதோவொரு ராத்திரி ஷிப்டில்
கால் இஞ்சு கோணலுக்காக
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
நானே ஒதுக்கியிருப்பேன்.

குனிந்து பாறையைத் தடவினேன்.
விரலுக்கு வழவழ, துணிக்கு மட்டும் அரம்.
எத்தனை ஷிப்ட் ஓடியதோ இங்கே தண்ணீர்.
பிசிறில்லை. மடிப்பில்லை.
கலர் என்கிற கட்டத்தில் எதை எழுதுவது?
எங்கள் சந்துக்குப் பின்னால் நொய்யல் போகிறது;
இந்த சீசன் ஆர்டர் என்ன கலரென்று
ஆற்றைப் பார்த்தே சொல்வோம் என்பது
சிரித்துச் சிரித்துத் தேய்ந்த பகடி.
இங்கே என் பாதம் தெரிந்தது,
நகத்தில் உரிந்த பாலீஷ் உட்பட.

சஞ்சுக்தாதான் முதலில் உட்கார்ந்தாள்.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாசம்.
பீஸ், பண்டல், சாப்டாச்சா, போலாமுங்:
இவ்வளவுதான் அவள் தமிழ்.
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி
எங்களைப் பார்க்காமலே 'போலாமுங்' என்றாள்.
போயே விட்டாள்.

ஒருவன் செல்போனைத் தூக்கினான்.
'கீழ வையி கண்ணு,' என்றாள் துளசிமணி,
புளிச்சோற்றுக் கையோடு,
'கசத்துல தொளாவி எடுக்கோணும் பொறவு.'
வைத்தான்.

எனக்கு நாற்பத்து மூன்று.
கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருஷம்.
குடம் தூக்காதே, குதிக்காதே என்றாள் டாக்டரம்மா.
சறுக்கக்கூடாதென்று சொல்லவில்லை.

உட்கார்ந்ததும் தண்ணீர்
முதுகுக்குப் பின்னால் வந்து தேங்கியது,
வழிவிடச் சொல்லிப் பொறுமையாய் நிற்கிற கூட்டம் மாதிரி.
கையை எடுத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
மற்றதெல்லாம் பாறை செய்தது.
வானம் கொஞ்சம், புங்கமரம் கொஞ்சம்,
யாருடையதோ சிரிப்பு,
பிறகு காது நிறையப் பச்சை,
பிறகு காலுக்கடியில்
ஒன்றுமில்லை.

மேலே வந்து மூக்கைச் சிந்தினேன்.
சஞ்சுக்தா முடியைப் பிழிந்தபடி
என் பின்னால் வந்து நின்று
வேலைக்காரியாய் ஆராய்ந்து
'ரிஜெக்ட்' என்றாள்.
ஐந்து முறை போனோம் அப்புறம்.

திங்கட்கிழமை, முதல் பண்டல்.
கையை உள்ளே விட்டு
உட்காரும் இடத்தை விரித்துப் பார்க்கிறேன்,
வழக்கத்தைவிட ஒரு நொடி கூடுதலாய்.
சூப்பர்வைசர் நேரம் பார்க்கிறார்.
எதிர் மெஷினில் சஞ்சுக்தா
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.
நானும்தான்.